பின் சக்கரத்துக்குப் புது ஷூ

கீழக்காட்டூரில் ஆவுடையப்பன், சங்கரபாண்டி, இசக்கி, புலமாடன் என்று நாலு பேர் உண்டு. தனித்தனியாக இறங்கினால் ஒரு காரியத்தைப் பாதிதான் கெடுப்பார்கள். முழுசாகக் கெடுக்க நாலு பேரும் கூடி யோசிக்க வேண்டும்.

ஆவுடையப்பனிடம் அறுபது வருஷத்துப் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. ஓடும், நிற்காது. தங்கச்சி மகன் திரவியத்தின் நிச்சயதார்த்தத்துக்கு அவனைப் பின்னால் உட்காரவைத்து அதில்தான் போனார். வண்டி பெண்வீட்டு வாசலைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, அடுப்பங்கரைச் சாம்பார் அண்டாவில் மோதி நின்றது. பெண்ணின் அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு பொறுமையாகச் சொன்னார்.

"கல்யாணத்துக்கும் மாப்பிள்ளை இதே வண்டியில வரட்டும். வாசல்ல நின்னா பொண்ணு உண்டு. தாண்டுச்சுன்னா கிடையாது."

அன்றிலிருந்து ஆவுடையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. தங்கச்சி எதிரே வந்தால் வேறு பக்கம் பார்த்தார்.

மெக்கானிக் ஆசீருக்கு அம்மை போட்டிருந்தது. ஜன்னல் வழியாகவே வைத்தியம் சொன்னார். "பின் சக்கரத்தைப் பிடிச்சு நிறுத்துற பிரேக் ஷூ தேஞ்சிருக்கும் அண்ணாச்சி. சக்கரத்து நடுவுல உள்ள டிரம்மைத் திறந்து பழைய ஜோடியை எடுத்துட்டுப் புதுசைப் போடுங்க. கழட்டும்போது ஒண்ணுவிடாம எழுதி வச்சுக்கிடுங்க. அதைக் கடைசியிலிருந்து அப்படியே திருப்பிச் செஞ்சா மாட்டிரலாம். பிரேக் நட்டை மட்டும் லூசா விட்டுராதீங்க."

எழுதும் பொறுப்பு சங்கரபாண்டிக்கு. தாலுகா ஆபீசில் மனு எழுதிக் கொடுக்கிறவர், எதையும் விடமாட்டார். கழற்றி முடித்ததும் வாசித்தார். "ஒன்று, சக்கரம் கழற்றப்பட்டது. இரண்டு, ஷூ கழற்றப்பட்டது. மூன்று, இசக்கி தும்மினார். நான்கு, எருமை ஒன்று வந்து புலமாடன் தலையை நக்கியது."

"அப்போ மாட்டும்போது எருமைதான் முதல்ல," என்றார் ஆவுடையப்பன்.

"திருப்பிச் செய்யணும்லா? வந்த எருமை பின்பக்கமா நடந்து போகணும்," என்றார் சங்கரபாண்டி.

எருமைக்குச் சொந்தக்காரியிடம் கெஞ்சி அதை ஓட்டி வந்தார்கள். இரண்டு பேர் வாலைப் பிடித்து இழுக்க, ஒருவர் கொம்பைப் பிடித்துத் தள்ள, தெருமுனை வரை அதைப் பின்பக்கமாகவே நடத்திக் கொண்டுபோய் விட்டார்கள். ஒரு முழு மத்தியானம் ஆயிற்று. எருமைக்குக் கடைசிவரை விஷயம் விளங்கவில்லை.

"நக்கினதை எப்படித் திருப்புறது?" என்றார் புலமாடன்.

யோசித்துவிட்டு, தலையைத் துண்டால் துடைத்தால் எடுபடும் என்று முடிவானது.

"என் தும்மல்?" என்றார் இசக்கி.

"உள்ள இழுத்துக்கிடுங்க," என்றார் சங்கரபாண்டி.

இசக்கி மூக்குப்பொடி போட்டு, கண் பிதுங்கப் பிதுங்க வந்த தும்மலை உள்ளே இழுத்தார். அதற்குப் பிறகுதான் புது ஷூவைத் தொட்டார்கள். அதென்னவோ, சரியாகவே உட்கார்ந்தது.

சக்கரத்தையும் மாட்டினார்கள். மிச்சம் பிரேக் நட்டு. லூசாக விட்டுவிட்டதாக நாளைக்கு யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்று நாலு பேரும் ஆளுக்கொரு தரம் முறுக்கினார்கள். ஆவுடையப்பன் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். அசையவில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"மிதிக்காமலே நிக்குது பாருங்கவே. மிதிச்சா எப்படி நிக்கும்!"

கல்யாணத்தன்று காலையில்தான், நிற்கிற வண்டி போகாது என்பது தெரியவந்தது. நட்டைத் தளர்த்தலாம் என்று மாப்பிள்ளை திரவியம் சொன்னான். மெக்கானிக் பேச்சை மீறுவதா என்று நாலு பேரும் அவனைக் கடிந்துகொண்டார்கள். இரண்டு மூங்கிலைக் கட்டி, மாப்பிள்ளையோடு வண்டியைத் தோளில் தூக்கினார்கள். முன்னால் இசக்கியும் புலமாடனும், பின்னால் ஆவுடையப்பனும் சங்கரபாண்டியும்.

பெண்வீட்டு வாசல் வந்தது. ஆவுடையப்பன் மேளத்துக்கு மேல் குரலை உயர்த்தினார். "மிதி மாப்பிள்ளை," என்றார். திரவியம் பிரேக்கை மிதித்தான். பின்னால் இருந்த இருவரும் சட்டென்று நின்றார்கள். முன்னால் இருந்த இருவரும் நடந்துகொண்டே போனார்கள்.

மூங்கில் அவர்கள் தோளிலிருந்து நழுவ, வண்டி வாசற்படியில் மூக்குக் குப்புற இறங்கியது. மாப்பிள்ளை ஹேண்டில்பார் மேலாகச் சறுக்கி படிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மாமனார் மடியில் விழுந்தான். மாமனார் எட்டிப் பார்த்தார். முன் சக்கரம் படியை முட்டிக்கொண்டு நின்றது, தாண்டவில்லை. சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டுப் பெண்ணைக் கொடுத்தார்.

தாலி கட்டி முடிந்தபின் ஆவுடையப்பன் இசக்கியைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏன்வே நிக்கலை?"

"மாப்பிள்ளை மிதிச்சது பின் பிரேக்லா. முன்னாடி இருக்கிற நாங்க எப்படி நிக்க முடியும்?"

ஆவுடையப்பனுக்கு நியாயமாகத்தான் பட்டது. மறுநாளே உதிரிபாகக் கடைக்குப் போய், முன் பிரேக்குக்கு ஒரு ஜோடி ஷூ கேட்டார்.

"எந்த வண்டிக்கு அண்ணாச்சி?"

"வண்டிக்கு இல்லப்பா. இசக்கிக்கும் புலமாடனுக்கும்."

கடைக்காரர் ஒரு ஜோடியை எடுத்து மேஜைமேல் வைத்தார். "ரெண்டு பேருக்கு ஒரு ஜோடி எப்படிப் போதும்?"

"போதும். ஆளுக்கு ஒரு கால் நின்னாலே வண்டி நின்னுரும்."