வெள்ளைப் படகில் நீலத் திட்டு

கஸ்பாருக்கு வயது அறுபது. அவருடைய குரு பிரகாசிக்கு முப்பத்தெட்டு. இதைச் சொன்னால் கடற்கரையே சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டுமே! ஃபைபர் படகு உடைந்தால் ஒட்டிச் சரிசெய்ய அந்தக் கரையில் அவளை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்? முட்டி வலியால் கடலை விட்ட கஸ்பார், எட்டு மாதமாக அவளிடம்தான் தொழில் படிக்கிறார்.

ஒரு நாள் காலையில் மூச்சு வாங்க அவள் கொட்டகை வாசலில் வந்து நின்றார்.

"மேஸ்திரி, ஒரு யோசனை சொல்லுங்க. மருமகன் படகுல மேல்பூச்சு விரிஞ்சுபோச்சு. ரெண்டு தடவை ஜெல் கோட் பூசிட்டேன். அதே இடத்துல மறுபடியும் கீறல் விழுது. அடையாளமே தெரியாமப் பூச என்ன வழி?"

"எப்படி விரிஞ்சது மாமா?"

"அலை அடிச்சிருக்கும்."

பிரகாசி அவர் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். நேரே போய்ப் படகில் ஏறினாள். அடிப்பலகையைத் தூக்கிவிட்டு, ஒரு ரூபாய் நாணயத்தால் உட்புறத்தைத் தட்டிக்கொண்டே போனாள். டங், டங், டங். ஓரிடத்தில் மட்டும் பொத்தென்று கேட்டது.

பிரகாசி நிமிர்ந்து பார்த்தாள்.

"இது அலை இல்லை மாமா, பாறை. உள்ளே ஃபைபர் நார் அடுக்கே பிரிஞ்சு கிடக்கு. மேலே எத்தனை தடவை பூசினாலும் நிக்காது. படகை ஓட்டினது யாரு?"

கஸ்பார் மணலைப் பார்த்தார்.

"நான்தான். மருமகன் ஊர்ல இல்லை. ஒரே ஒரு தடவை கடலுக்குப் போய்ட்டு வந்திருவோம்னு ஆசை. கொண்டுபோய்ப் பாறையில ஏத்திட்டேன். தெரிஞ்சா அப்புறம் படகைத் தொடவே விட மாட்டான். திங்கக்கிழமை தனியாக் கடலுக்குப் போறான். அதுக்குள்ள..."

பாவம், கடலை விட்டாலும் கடல் ஆசை அவரை விடவில்லை.

பிரகாசி திட்டவில்லை. "வாங்க, உள்ளேயிருந்து ஆரம்பிப்போம்" என்றாள்.

பிரிந்த நாரை அரைத்து எடுத்தார்கள். புது நார்ப்பாய் விரித்து ரெசின் பசை ஊற்றினார்கள். இரண்டு நாள் காயவிட்டு நாணயத்தால் தட்டினால், டங்!

மேல்பூச்சுக்குக் கஸ்பாரே வெள்ளை கலக்கினார். துளித் துளியாகச் சாயம் விட்டு, படகோடு ஒட்டிவைத்துப் பார்த்து, அரை நாள் பாடுபட்டார்.

"பாத்தீங்களா மேஸ்திரி? எங்கே பழைய வெள்ளை, எங்கே புது வெள்ளைன்னு எவனும் கண்டுபிடிக்க முடியாது!"

பிரகாசி அந்த டப்பாவுக்குள் ஒரு கரண்டி நீலச் சாயத்தைக் கொட்டிக் கிளறினாள்.

"ஐயையோ! என்ன காரியம் செஞ்சீங்க? அம்புட்டும் பாழாப் போச்சே!"

"நாம ரெண்டு பேரும் கரையில இருப்போம் மாமா. அவன்தானே இந்த ஒட்டை நம்பித் தண்ணிக்கு மேல இருப்பான்?"

கஸ்பார் நீலத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இது என்ன நீலம்னு கேப்பானே. நான் அவனுக்கு என்னத்தைச் சொல்ல?"

பிரகாசி மடியிலிருந்த நாணயத்தை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"எங்கே தட்டிப் பாக்கணும்கிறதுக்கு அடையாளம்னு சொல்லுங்க."