தற்போதைய பயன்பாடு: ஏதுமில்லை

"மேடம், இதுல என்ன குத்தம்னு சொல்லிட்டா நான் திருத்திடுவேன். சொல்லாமலே திருப்பி அனுப்பினா எப்படிங்க?"

குமரவடிவேல் கோப்பை மேசைமேல் வைத்தார். வைத்தார் என்ன, கொஞ்சம் ஓங்கித்தான் வைத்தார்.

சாலைப் பிரிவிலேயே தலை நரைத்த பொறியாளர் அவர். வீட்டுமனைத் திட்டங்களைச் சரிபார்க்கும் பிரிவுக்கு வந்து சில மாதம்தான் ஆகிறது. இந்த ஒரு கோப்பு தேறிவிட்டால் இனி ஒப்புதல் கையெழுத்தை அவரே போடலாம். தேறாவிட்டால், வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

தீர்மானிப்பவர் பூங்கோதை. வயதில் இவருக்குத் தங்கை மாதிரி. வேலையில் குரு.

பூங்கோதை கோப்பைத் திறந்தார். முதல் தாளில் ஒரே ஓர் இடத்தில் பென்சில் வட்டம்.

'நிலத்தின் தற்போதைய பயன்பாடு: ஏதுமில்லை.'

"முதல்ல 'காலி இடம்'னு எழுதினேன், வட்டம் போட்டீங்க. 'தரிசு'ன்னு மாத்தினேன், அதுக்கும் வட்டம். எல்லாரும் இப்படித்தானே மேடம் எழுதறாங்க?"

"ஆமாங்க சார். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் எழுதிட்டிருந்தேன்."

"தெரு அகலம் சரி. பூங்காவுக்கு விட்ட இடம் சரி. சாக்கடைச் சரிவு சரி. மண்ணு என்ன உத்தியோகம் பார்க்குதுன்னும் எழுதணுமா?"

"சம்பளத்தையும் சேர்த்துப் போட்டுடுங்க சார்" என்றாள் எதிர் மேசையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த நசீமா.

பூங்கோதையும் சிரித்துவிட்டார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

ஜீப் சாவியை எடுத்தார்.

"வாங்க சார்."

மொட்டைப் பாறைக் குன்றான கரட்டின் அடிவாரத்தில் சரிந்து கிடந்தது அந்த நிலம். புல், கொழுஞ்சிச் செடி, அங்கங்கே ஆவாரம்பூ. சரிவு முடிகிற இடத்தில் ஒரு தெரு, ஓட்டு வீடுகள்.

இறங்கி நாலு எட்டு நடப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. குமரவடிவேல் ஜீப்பைப் பார்த்து ஓடினார்.

"நில்லுங்க சார். அவர் வேலையில இருக்காரு. பாருங்க."

"யாருங்க மேடம்?"

பூங்கோதை கீழே தரையைக் காட்டினார்.

கரட்டுப் பாறையிலிருந்து செம்மண் தண்ணீர் திமுதிமுவென்று இறங்கியது. கீழ்த்தெரு இன்றைக்குத் தொலைந்தது என்றே நினைத்தார் குமரவடிவேல்.

தண்ணீர் புல்லுக்குள் நுழைந்தது. வேகம் குறைந்தது. விரல் விரலாகப் பிரிந்தது. நூலாக மெலிந்தது.

பிறகு, இல்லை.

இன்னும் வந்தது. அதுவும் இல்லை.

அவர் குந்தினார். புல்லின் அடியில் சின்னச் சின்னக் குமிழிகள் உடையும் சத்தம். அங்கே மட்டுமில்லை. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், சரிவு முழுக்க. அத்தனை பெரிய நிலமும் வாய் ஓயாமல் குடித்துக்கொண்டிருந்தது.

உள்ளங்கையை மண்ணில் வைத்தார். எடுக்க மனசு வரவில்லை.

கீழ்த்தெருவில் ஒருத்தி திண்ணையில் உட்கார்ந்து மகளுக்குப் பேன் பார்த்தபடி மழையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாசற்படி வெறுமனே நனைந்திருந்தது, அவ்வளவுதான்.

குமரவடிவேல் சரிவை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். தார் ரோடு. சிமென்ட் வாசல். மாடி. மாடிக்குப் பக்கத்தில் மாடி. வரைபடம் அவருக்கு மனப்பாடம்.

கையில் ஒட்டிய மண்ணோடு எழுந்தார்.

"மேடம், வீடெல்லாம் வந்துட்டா இந்த வேலையை அப்புறம் யாருங்க பார்ப்பா?"

பூங்கோதை கைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து அவரிடம் நீட்டினார். நனைந்தபடி அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.