பூட்டிய தெருவில் புளிக்குழம்பு

முன்னொரு காலத்தில், ஊரில் அடுப்புப் புகை எழுவதைக் கண்ணால் பார்த்த பிறகே அரசர் சாப்பிட உட்காருவது ஒரு நாட்டின் வழக்கமாக இருந்தது. மாலையில் அவர் கோட்டைக் கொத்தளத்தில் ஏறி நிற்பார். எல்லா வீடுகளிலும் புகை தெரிந்தால்தான் அரண்மனையில் இலை போடுவார்கள். புகை வராத வீட்டுக்கு ஆள் போய் என்ன ஏதென்று விசாரித்து வருவான். அப்படியும் ஒரு காலம் இருந்தது.

ஒரு நாள் அரசர் கொத்தளத்திலிருந்து இறங்கியவர், இலை முன்னால் உட்காராமல் நேரே சபைக்கு வந்தார்.

"மந்திரியாரே, சிறு வயதில் என் தந்தை என்னைத் தோளில் வைத்துக்கொண்டு அங்கே நிற்பார். கீழைவீதிப் பக்கமிருந்து காற்று வரும். வறுத்த கொள்ளு, சுட்ட கருவாடு, தாளித்த கடுகு எல்லாம் கலந்து வரும். எந்த வீட்டில் என்ன குழம்பு என்று இருவரும் பந்தயம் கட்டுவோம். இன்றும் புகை வருகிறது. மணம் வரவில்லை. எங்கே போயிற்று அது?"

எங்கே போயிற்று என்று மந்திரி மழவராயருக்கு நன்றாகத் தெரியும். கீழைவீதியில் எழுபது வீடுகளை அவரும் அவருடைய சபை நண்பர்களும் வாங்கிப் போட்டிருந்தார்கள். துறைமுக வணிகர்கள் வந்து பெரிய வாடகை தரும்வரை பூட்டிக் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். அரசரின் கண்ணுக்காக மாலைதோறும் ஆட்கள் கொல்லைப்புறமாகப் புகுந்து வீட்டுக்கு ஒரு கட்டு வைக்கோலைக் கொளுத்திவிட்டு வந்தார்கள்.

"அரசே, கோயில் மண்டபத்திலும் குளத்துப் படியிலும் ஒரு கூட்டம் படுத்துக் கிடக்கிறது. அவர்களுடைய நாற்றம்தான் மணத்தை மூடிவிடுகிறது. பௌர்ணமிக்குள் அவர்களை ஆற்றுக்கு அப்பால் அனுப்பிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்றார் மழவராயர்.

மண்டபத்தில் கிடந்தவர்கள் கீழைவீதியைக் கட்டியவர்கள். கொத்தர்கள், மண் சுமந்தவர்கள், சுண்ணாம்பு இடித்தவர்கள். வீதி கட்டி முடிந்ததும் அவர்கள் குடிசை போட்டிருந்த இடத்தில் மந்திரியின் பூந்தோட்டம் வந்தது.

விகடகவி சாத்தையன் எழுந்தான். "அரசே, நேற்று நான் மண்டபத்துப் பக்கம் போனேன். மூன்று கல்லைக் கூட்டி ஒரு பெண் புளிக்குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். இந்த ஊரிலேயே மணம் வருகிற இடம் அதுதான் என்று என் மூக்கு சொல்கிறது."

சபை சிரித்தது. மழவராயர் சிரிக்கவில்லை.

"அவ்வளவு நல்ல மூக்கு வாய்த்தவர் பழைய மணத்தையும் கொண்டுவரட்டும், அரசே. பௌர்ணமிக்கு ஐந்து நாள் இருக்கிறது. புதிதாக ஒரு செங்கல் வைக்கக் கூடாது. கருவூலத்தில் கை வைக்கக் கூடாது. தவறினால், ஆற்றைக் கடக்கும் கூட்டத்துக்கு இவரே முன்னால் நடக்க வேண்டும்."

"சம்மதமா, சாத்தையா?" என்றார் அரசர்.

"சம்மதம், அரசே. ஒரே ஒரு சந்தேகம். கீழைவீதியில் வீட்டுக்கு வீடு புகை வருகிறதே, அங்கே குடியிருப்பவர்கள் யார்?"

மழவராயர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "என் உறவினர்கள்தாம். வீடு கொள்ளாத கூட்டம்."

"நல்லதாகப் போயிற்று. ஐந்தாம் நாள் மாலை அரசர் அந்த வீதியில் நடந்து வரட்டும். பிடித்த வாசலில் நின்று, அந்த வீட்டிலேயே உண்ணட்டும்."

"என் தந்தை அப்படித்தான் போவார்" என்றார் அரசர். "வருகிறேன்."

மழவராயரின் முகம் பூச்சு உதிர்ந்த சுவர்போல ஆயிற்று.

அவர் தம் சொந்தக்காரர்கள் வீடுகளுக்கு ஓடினார். "மந்திரியாக இருந்தால் இருந்துகொள்ளும். என் பெண்டாட்டி பூட்டின வீட்டில் போய் அடுப்பு ஊதுவாளா?" என்று மைத்துனரே கதவைச் சாத்திவிட்டார். எழுபது வீட்டை நிரப்ப வேண்டும். வேறு வழியில்லாமல், மறுநாள் காலை மழவராயர் மண்டபத்துக்கே போய் நின்றார். சுண்ணாம்பு இடிக்கும் அங்கம்மை ஒரு மாதக் குழந்தையோடு அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, பௌர்ணமி மாலை மட்டும் நீங்கள் எல்லோரும் என் உறவினராக இருக்க வேண்டும்."

அங்கம்மை குழந்தையை மறுதோளுக்கு மாற்றினாள். "இருக்கலாம் சாமி. ஆனா பூட்டிக் கெடந்த வீட்டுல அன்னைக்கே ஒல வச்சா ஒட்டட வாசந்தான் வரும். இன்னைக்கே போயி, தூத்து மொழுகி, நாலு நாளு பொங்கித் தின்னாத்தான் வீடு வீடா மணக்கும்."

"இதெல்லாம் அந்தச் சாத்தையன் சொல்லிக் கொடுத்தானா?"

"செவுரு வச்சவளுக்கு அது காய எத்தன நாளாகும்னு ஒருத்தர் வந்தா சொல்லணும்?"

அன்றைக்கே எழுபது வீடுகளும் திறந்தன.

பௌர்ணமி மாலை, மழவராயரும் சாத்தையனும் பின்னால் வர, அரசர் கீழைவீதிக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டார். கண்ணை மூடிக்கொண்டார். வாசலில் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். எங்கோ கடுகு வெடித்தது. ஏழாவது வாசலுக்கு வந்ததும், "புளிக்குழம்பு, கருவாடு போட்டது" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய் உட்கார்ந்தார். அங்கம்மை இலை போட்டாள்.

"நீ மந்திரியாருக்கு என்ன உறவம்மா?"

"அத்த மவ மொறைங்க, சாமி" என்றாள் அவள். "நாலு நாளா."

அரசர் அவளுடைய விரல்களைப் பார்த்தார். சுண்ணாம்பில் வெந்து வெளுத்த விரல்கள். குழம்பைப் பிசைந்து சாப்பிட்டார். இரண்டாம் முறையும் குழம்பு கேட்டு வாங்கிக்கொண்டார்.

சாத்தையன் கைகட்டி மழவராயரின் பக்கம் திரும்பினான். "மந்திரியாரே, இவர்கள் தங்கள் உறவினர்கள் இல்லை என்றால், இத்தனை நாள் இங்கே புகைந்தது என்ன என்று அரசர் கேட்பார். உறவினர்கள்தாம் என்றால், நாளைக்கு இவர்களை வீட்டைவிட்டு வெளியே போகச் சொல்லத் தங்களுக்கு மனம் வராது. எதுவென்று தாங்களே சொல்லிவிடுங்கள்."

குழந்தை சிணுங்கியது.

"உறவினர்கள்தாம்" என்றார் மழவராயர்.

அரசர் சிரிக்க ஆரம்பித்தார். புரையேறியது. அங்கம்மை ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். தலையில் தட்டிக்கொண்டு மறுபடியும் சிரித்தார்.

மண்டபத்துக் குடும்பங்களாலேயே அந்த எழுபது வீடுகளும் நிறைந்துவிட்டதால், குளத்துப் படியில் இருந்த நாற்பது குடும்பங்களுக்கு அங்கே இடம் இல்லை. வெறுமனே கிடந்த பழைய யானைக் கொட்டில் நிலத்தை அவர்கள் வீடு கட்டிக்கொள்ள அரசர் கொடுத்தார். ஒரு பருவம் முழுக்கச் சமையல் நடக்காத வீட்டை, அது யாருடையதானாலும், வீடில்லாதவருக்கு அவரால் முடிந்த வாடகைக்கு விட வேண்டும் என்றும் முரசறைந்தார்கள்.

"உனக்கு என்ன வேண்டும், சாத்தையா?"

"அந்த எழுபது பூட்டுகளும் வேண்டும், அரசே."

அவற்றைக் கொல்லனிடம் கொடுத்து உருக்கினான் சாத்தையன். இரண்டு பூட்டுக்கு ஒரு தோசைக்கல் வந்தது. இரண்டு வீட்டுக்கு ஒன்று கொடுத்தான். ஒரு வீட்டில் சுட்டு முடித்ததும் தோசைக்கல் சுவரைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போகும்.

சில நாள் கழித்து, மாலையில் கொத்தளத்தின்மேல் காற்று வந்தது. "ஏழாவது வீட்டில் புளிக்குழம்பு" என்றார் அரசர். "மொச்சைக் குழம்பு" என்றான் சாத்தையன். ஆள் போய் விசாரித்து வந்தான். அங்கம்மை வீட்டில் அன்று தோசையாம்.

அரசர் சிரித்துக்கொண்டே இலை போடச் சொன்னார்.