நாற்பதாம் பக்கத்து ஊறுகாய் வழக்கு

அறிவுசார் சொத்துரிமை வழக்கென்றால் ஐகோர்ட்டில் துவாரகநாதன்தான். அசலில் உள்ள தப்பும் சேர்ந்து வந்திருந்தால் அது காப்பிதான் என்று வாதாடியே பேர் வாங்கியவர்.

அவரிடம் ஜூனியராகச் சேரப் போனாள் பிலோமினா. "டிரேட்மார்க் பத்தி ஒரு கட்டுரை எழுதிக் கொண்டா, பார்ப்போம்" என்றார். முன்பு அப்படி எழுதிக் கொடுத்த ஒன்பது பேருக்கும் வேலை கிடைக்கவில்லை. அவளும் கொடுத்தாள். வேலை வரவில்லை. அவர் பெயரில் புத்தகம் வந்தது.

வெளியீட்டு விழாவில் அவள் எழுந்தாள். "சார், நாற்பதாம் பக்கத்து ஊறுகாய் வழக்கு யார் நடத்தினது?"

"நானே வாதாடி ஜெயிச்சதும்மா."

"அப்படி ஒரு வழக்கே கிடையாது சார். என் கட்டுரைக்காக நான் கட்டிவிட்ட பொய். தப்பும் சேர்ந்து வந்திருக்கு."



அதன்பின் எந்த சீனியரும் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆளாளுக்கு ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார்கள்.