இரண்டு டிகிரி இடைவெளி

சென்னியப்பன் வேலை பார்த்த ஆபீஸ் பவானி ரோட்டில் இருந்தது. பால் சொசைட்டிகளுக்குப் பாலைக் குளிரவைக்கும் சில்லர் வடிவமைத்துத் தருகிற இடம். முன்பு வேலை பார்த்த மில்லை மூடிய பிறகு, நாற்பதைத் தாண்டிய வயசில் அங்கே வந்து சேர்ந்தார். தொழில் சொல்லிக்கொடுத்தவர் வேதநாயகி. அவரைவிட வயதில் இளையவர்தான், ஆனாலும் குரு குருதான். கம்ப்யூட்டர் சும்மா கிடந்தாலும் கிடக்கட்டும், முதல் கணக்கைக் கையால் போட்டுக் காட்ட வேண்டும் என்பது வேதநாயகி வைத்த சட்டம்.

ஐப்பசி மழையில் சென்னியப்பனின் மனைவி மேனகா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அதற்கப்புறம் மனுஷன் ஏதோ நடமாடினார், அவ்வளவுதான். பேச்சே இல்லாத அந்த வீட்டில் குழந்தையை வைத்துக்கொள்ளப் பயந்து, மகளைக் கோபியில் அக்கா வீட்டில் விட்டுவிட்டார். போன் போட்டால் அவள் கேட்பது ஒன்றுதான்.

"எப்பப்பா கூட்டிட்டுப் போவீங்க?"

"அப்பாவுக்குச் சரியாகட்டும் சாமி."

அன்றைக்கும் மழை. ஒரு சொசைட்டிக்குக் கணக்குப் போட வேண்டியிருந்தது. கறந்த பால் முப்பத்து நாலு டிகிரியில் ஒரு பக்கம் வரும். ஐஸ் தண்ணீர் இரண்டு டிகிரியில் எதிர்ப்பக்கம் வரும். நடுவில் மெல்லிய உலோகப் பிளேட்டுகள். பாலும் தண்ணீரும் ஒன்றையொன்று தொடாது, சூடு மட்டும் பிளேட் வழியாகக் கடந்து போகும். எத்தனை பிளேட் வேண்டும் என்பதுதான் கணக்கு.

சென்னியப்பன் போட்டுக் கொடுத்த தாளை வேதநாயகி பார்த்தார்.

"உள்ள வர்ற தண்ணி ரெண்டு. வெளிய போற பாலும் ரெண்டுங்களா சார்?"

உள்ளே வரும் தண்ணீர் அளவுக்கே பால் குளிர்ந்துவிடும் என்று எழுதியிருந்தார்; புதுசாக வந்தவன்கூடச் செய்யாத தப்பு. சென்னியப்பனுக்கு முகம் செத்துப்போயிற்று.

"மனசு இங்க இல்லீங்க மேடம்." பேனாவை மூடி வைத்தார். "நான் வேலைல இருந்து நின்னுக்கறேங்க. பழையபடி ஆனப்பறம் வர்றேன். பாப்பாவையும் அப்பத்தான் கூட்டிட்டு வரோணும். இந்த மூஞ்சியோட அவ முன்னால போய் நிக்க முடியலீங்க."

"பழையபடின்னா?"

"மேனகா இருந்தப்ப எப்படி இருந்தனோ அப்படி. எப்ப மேடம் அப்படி ஆவேன்?"

வேதநாயகி பேனாவைத் திறந்து அவர் கையில் கொடுத்தார்.

"பாலும் தண்ணியும் ஒரே அளவு ஓடுதுன்னு வெச்சுக்கங்க. வெளிய போற பாலுக்கும் உள்ள வர்ற தண்ணிக்கும் ரெண்டு டிகிரி இடைவெளி விடுங்க. எத்தனை பிளேட்?"

கை பழக்கத்தில் ஓடியது. "அறுபதுங்க."

"ஒரு டிகிரி விட்டா?"

"நூத்தி இருபத்தி நாலு."

"அரை?"

"இருநூத்தி அம்பத்திரெண்டு."

"கால்?"

"ஐநூத்தி எட்டுங்க. இதை வெக்க அவங்க ஷெட்டே பத்தாது."

"இடைவெளியே இருக்கக்கூடாதுன்னா?"

பேனா தாளிலேயே நின்றது. பூஜ்யத்தால் வகுக்க வேண்டிய இடம் அது. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

"வராதுங்க. எத்தனை பிளேட் போட்டாலும் வராது."

சொல்லி முடிக்கும்போதே குரல் உடைந்துவிட்டது. மேனகா போன அன்றுகூட அழாதவர், அந்தத் தாளின்மேல் குனிந்து அழுதார். வேதநாயகி தடுக்கவில்லை, தேற்றவும் இல்லை.

ரொம்ப நேரம் கழித்துத்தான் சென்னியப்பன் தலையைத் தூக்கினார். "அப்ப, கடைசி வரைக்கும் அந்த இடைவெளி இருந்துட்டேதான் இருக்குமுங்களா?"

"இருக்கும்."

வேதநாயகி தாளில் முதல் விடையைத் தொட்டுக் காட்டினார்.

"நாலு டிகிரில வெளிய வர்ற பால் கெட்டுப்போகுதுங்களா சார்?"

"இல்லீங்க. நல்லாத்தான் இருக்கும்."

"அப்ப அறுபதுன்னு எழுதி வெச்சுட்டு, கோபிக்குக் கிளம்புங்க."