கடைசியில் கொத்திய சேவல்

பனியும் முருங்கைப்பூவும் சேர்ந்தே உதிர்கிற ஊர் அது. அங்கே பண்ணையார் மாசிலாமணியின் கோழிகளைச் செல்லக்கனிதான் பார்த்துக்கொண்டாள்.

ஒருநாள் பண்ணையார் கொழுத்த சேவல் ஒன்றை வாங்கி வந்தார்.

"ஒரு வாசலுக்கு ஒரு ராஜாதான். ஒஞ்சேவலைக் குழம்பு வை!"

குஞ்சிலிருந்து அவள் வளர்த்த சேவல். சாமியை நினைத்துக்கொண்டு, "யாரு ராஜான்னு கோழிகளே சொல்லட்டும், அய்யா" என்று கம்பை இறைத்தாள். அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள்.

புதுச்சேவல் பெட்டைகளை விரட்டிவிட்டுத் தானே விழுங்கியது. அவள் சேவலோ ஒரு மணியைக் கொத்திக் கீழே போட்டு, "கொக்... கொக்..." என்று மெல்லக் கூப்பிட்டது. கனவில் நடப்பதுபோலப் பெட்டைகள் எல்லாம் அதனிடமே போயின. அவை தின்ற பிறகுதான் அது தின்றது.

பண்ணையார் சிரித்தார். "முந்தித் திங்கத் துப்பில்லாதது ராஜாவாட்டீ?"

"என்னய்யா இப்படிக் கேக்கிய? கோயில் கொடைத் திருவிழாவுல ஊரே சாப்பிட்ட பிறகுதான நீங்க இலையில உக்காருவிய? அதுக்குத்தான ஊரு உங்களைக் கும்பிடுது?"

முதல் பந்தியில் முதல் இலை எப்போதும் அவருக்குத்தான். கூட்டம் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டது.

"ஆமா ஆமா... ரெண்டும் இருந்துட்டுப் போகட்டும்" என்று பண்ணையார் முனகினார்.

அந்த வருஷக் கொடையில் கடைசி இலை எடுக்கும்வரை சாம்பார் வாளியைத் தூக்கியவர் அவர்தான். ஊரே வாழ்த்தியது. பசி காதை அடைத்ததில் அவருக்குத்தான் ஒன்றும் கேட்கவில்லை.