காட்டிய இடத்தில் கையெழுத்து

"எங்களுக்கு வர்ற நன்றியெல்லாம் ஒரே மாதிரி இருக்கு, டீச்சர்" என்றார் திருமூர்த்தி.

குணவதி டீச்சர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"'எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்த அறக்கட்டளைக்கு நன்றி.' ஆறு வருஷமா இதே வாக்கியம். கேமராவை வச்சதும் மனப்பாடமா ஒப்பிக்கிறாங்க. எனக்கே நம்பிக்கை வர மாட்டேங்குது."

சென்னையிலிருந்து காலையில் கிளம்பி வந்தவர் அவர். பெரிய அறக்கட்டளை ஒன்றின் கல்வித் திட்டங்களை ஊருக்குச் சொல்லும் துறைக்குத் தலைவர். ஆண்டறிக்கை, வீடியோ, பத்திரிகைச் செய்தி எல்லாம் அவர் கை வழியாகத்தான் போகும். ஐம்பத்தோரு வயது. தன்னைவிடப் பதினெட்டு வயது இளையவளிடம் யோசனை கேட்கிறோமே என்ற கூச்சமெல்லாம் அவருக்கு இல்லை. கூச்சப்பட நேரமும் இல்லை.

திங்கட்கிழமை அறங்காவலர் கூட்டம். பண்ருட்டி வட்டாரத்து முந்திரி உடைக்கும் கொட்டகைகளில் நடக்கும், இந்த வகுப்பையும் சேர்த்து, இருபத்திரண்டு எழுத்தறிவு வகுப்புகள் தொடர்வதா, மூடுவதா என்று அன்று முடிவாகும். "படிச்சுட்டாங்க, படிச்சுட்டாங்கன்னு வருஷா வருஷம் சொல்றீங்க. நிஜமா படிச்சாங்களான்னு காட்டுங்க" என்று அறங்காவலர் குழுத் தலைவர் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார்.

"இவங்க படிச்சுட்டாங்கன்னு நான் எப்படிச் சொல்றது, டீச்சர்?"

"நீங்க சொல்லாதீங்க."

"அப்ப யார் சொல்றது?"

குணவதி டஸ்டரைத் தட்டினாள். சுண்ணாம்புத் தூள் பறந்தது. பதில் அவ்வளவுதான்.

இந்தம்மா பேசுவதற்குக் கட்டணம் கேட்பாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார் திருமூர்த்தி.

ஆனாலும் அதிர்ஷ்டம் அன்று அவர் பக்கம் இருந்தது. மூன்று மணிக்கு வேலை முடிந்து பெண்கள் வகுப்புக்கு வந்து உட்கார்ந்தபோது, கூரை ஓட்டையிலிருந்து ஒரு கீற்று வெயில் முன்வரிசையில் இருந்த தனக்கோட்டி என்பவளின் முகத்தில் விழுந்தது. மடியில் புத்தகம், உதட்டில் பாதிச் சிரிப்பு. கூட வந்திருந்த போட்டோக்காரர் எடுத்துவிட்டார். கேமராவில் பார்த்த திருமூர்த்திக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அட்டைப்படம் கிடைத்துவிட்டது. சாயங்காலம் அச்சகத்துக்குப் போக வேண்டியதுதான் பாக்கி.

பையிலிருந்து ஒப்புதல் படிவத்தை எடுத்தார். மடக்கி, அடிப்பக்கத்தைக் காட்டி, விரலை வைத்தார்.

"இங்க ஒரு கையெழுத்து போட்டுடுங்கம்மா."

தனக்கோட்டி தாளை வாங்கினாள். மடிப்பைப் பிரித்தாள். தலைப்பிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.

திருமூர்த்தி காத்திருந்தார்.

அவள் ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே விரலை வைத்து, எழுத்தெழுத்தாக வாய்விட்டுக் கூட்டினாள். இரண்டு வரி போவதற்குள் ஐந்து நிமிடம் ஆகிவிட்டது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"நானே படிச்சுச் சொல்லிடறேனேம்மா. சுருக்கமா..."

குணவதி உள்ளங்கையை உயர்த்தினாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

"மேற்படின்னா யாரு சார்?" என்றாள் தனக்கோட்டி.

"நீங்கதாம்மா."

"என் பேரயே எழுதிட்டுப் போறது."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தனக்கோட்டி சிரிக்கவில்லை. விரல் அடுத்த வரிக்கு இறங்கியது.

"எனது படத்தை, பெயரை, வாழ்க்கைக் கதையை... எக்காலத்திலும், எவ்விதத்திலும்... பயன்படுத்தவும், மாற்றவும்... சம்மதிக்கிறேன். இது குறித்து எந்த ஆட்சேபணையும்... எழுப்ப மாட்டேன்."

அவள் நிமிர்ந்தாள்.

"எக்காலத்திலும்னா, நான் செத்த பொறவும் கூடவா சார்?"

"அது... ஆமாம்மா."

"மாத்தலாம்னா? என் கதைய வேற மாதிரி எழுதலாமா?"

"சேச்சே, அப்படியெல்லாம் எழுத மாட்டோம்."

"எழுதலாம்னு போட்டிருக்குதே."

திருமூர்த்தி தாளை எட்டிப் பார்த்தார்.

"இத யாரு சார் எழுதினது?"

மழுப்பியிருக்கலாம். வக்கீல் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் முப்பது பெண்கள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்க ஆபீஸ்லதாம்மா. வேற எங்கயோ இருந்த படிவத்தைப் பார்த்து எடுத்தது. சரின்னு சொன்னவன் நான்தான்."

"படிச்சுப் பாத்தீங்களா?"

"முழுசா இல்ல."

மறுபடி சிரிப்பு எழுந்தது. அதில் குத்தல் இல்லை. இன்னும் ஒருவர் வகுப்பில் சேர்ந்துவிட்டார் என்பது போலச் சிரித்தார்கள்.

"ரெண்டு வருசம் முன்ன போட்டோ எடுத்தப்பவும் இதே தாள்லதான கைநாட்டு வச்சன்?"

"இதேதாம்மா."

"அப்ப டீச்சர் வந்திருக்கல."

தனக்கோட்டி பேனாவை வாங்கினாள். தான் கேள்வி கேட்ட அந்த இரண்டு வரியின் மீதும் கோடு போட்டாள். அவசரமே படாமல், கோணல் இல்லாமல் போட்டாள். பிறகு கையெழுத்திடாமலே தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

"கோச்சிக்காதீங்க சார். காட்டின எடத்துல கைய வச்சுத்தான் எங்க வீட்டு மனை போச்சு. அதோட சரி. போட்டோ வேணாம்."

"வகுப்பு நிக்கிற மாதிரி இருக்குதும்மா. திங்கக்கிழமை நான் எதையாவது காட்டணும்."

சொன்னபிறகுதான், சொல்லியிருக்க வேண்டாமே என்று பட்டது. தனக்கோட்டியின் முகம் வாடிவிட்டது. மடியிலிருந்த புத்தகத்தை ஒருமுறை பார்த்தாள். ஆனாலும் தலையை ஆட்டினாள்.

"வகுப்பு வேணும் சார். அதுக்காக இதுல போட மாட்டன்."

திருமூர்த்திக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. எழுந்து குணவதியிடம் போனார்.

"படம் போச்சு, டீச்சர்."

"ஆமா சார்."

"அட்டை போச்சு."

"ஆமா சார்."

"நான் என்னத்தக் காட்டறது?"

குணவதியின் கண் நிறைந்திருந்தது. துப்பட்டா நுனியால் துடைத்துக்கொண்டு, அவர் கையிலிருந்த தாளையே பார்த்தாள்.

அவரும் பார்த்தார்.

முந்திரிக்கொட்டை எண்ணெய் எத்தனை சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் கையை விட்டுப் போகாது. தாளின் ஒவ்வொரு வரிக்கும் கீழே ஒரு கறுப்பு விரல் தடம். முதல் வரியிலிருந்து ஒன்றுகூட விடாமல் இறங்கி வந்து, அந்த இரண்டு வரியில் நின்றிருந்தது. அதன் மேல் கோடு.

கையெழுத்துக்கான இடம் வெள்ளையாக இருந்தது.

திருமூர்த்தியின் கோபம் போன இடம் தெரியவில்லை. ஆயிரக்கணக்கான படிவங்கள் அவர் மேஜைக்கு வந்திருக்கின்றன. எல்லாவற்றிலும் கையெழுத்தோ கைநாட்டோ இருந்தது. ஒன்றிலும் இந்தத் தடம் இல்லை. ஆறு வருஷமாகத் தான் செய்த வேலை வீண் போகவில்லை என்று இன்றைக்குத்தான் ஒருத்தி சொல்லியிருக்கிறாள் என்று நினைத்தபோது அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. குணவதியைக் கையெடுத்துக் கும்பிட்டார். திரும்பி வந்து தனக்கோட்டியின் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"ரொம்ப நன்றிம்மா."

அவள் பதறிப்போனாள். "எதுக்கு சார்? நான் மாட்டன்னுதான சொன்னன்?"

"அதுக்குத்தாம்மா."

அவர் தாளைத் தூக்கிக் காட்டினார்.

"உங்க படம் வேணாம். பேரும் வேணாம்" என்றார். "இந்தத் தாளை மட்டும் அட்டையில போட்டுக்கலாமா? நீங்க சொன்னா போடறேன். இல்லன்னா வேணாம்."

தனக்கோட்டி டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் கூரையைப் பார்த்தாள்.

தனக்கோட்டி சற்று யோசித்தாள். பிறகு கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, சம்மணமிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அதுக்கு ஒரு தாள் எழுதிக் குடுங்க சார். படிச்சுப் பாத்துட்டுச் சொல்றன்."